பத்தொன்பது சிடியும் ஒரு தோசைக்கல்லும்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் சசிரேகா இறங்கியதும் தாமோதரன் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, "ரிட்டன் டிக்கெட்டு போட்டாச்சா?" என்பதுதான்.

ஏழு மாதம் கழித்துப் பெண்டாட்டியைப் பார்க்கிற மனுஷன் கேட்கிற கேள்வியா இது? ஆனால் அதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. போன வருஷம் இதே ஆயுத பூஜைக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது காஞ்சிபுரத்தில் ஓசூர் பஸ் கிடைக்காமல் மூன்று மணி நேரம் நின்றாள். மறுபடியும் அப்படி நிற்கக் கூடாதே என்ற அக்கறைதான். கத்தியைக் கைமாற்றும்போது கூர்ப்பக்கத்தை நீட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள் அல்லவா, தாமோதரன் அந்த ரகம்.

"பாத்துக்கலாம்" என்றாள் சசிரேகா. அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை.

ரெண்டு பை. அது போக, செய்தித்தாளில் சுற்றி நூல் போட்டுக் கட்டிய ஒரு சாமான் துணிப்பைக்குள் தனியாக இருந்தது. தாமோதரன் அதை வாங்கினார். கை கீழே இறங்கியது.

"இன்னாமே இது, இந்தக் கனம் கனக்குது? கல்லா?"

"கல்லுதான்."

கிண்டல் பண்ணுகிறாள் என்று நினைத்துச் சிரித்தார். கிண்டல் இல்லை. உள்ளே இருந்தது தோசைக்கல். நாலு வருஷத்துக்கு முன்னால் மகள் வீட்டுக்குப் போகும்போது கையோடு எடுத்துக்கொண்டு போன இரும்புக்கல். ரெண்டு நாள் பண்டிகைக்கு வருகிறவள் எவளும் தோசைக்கல்லைச் சுமந்துகொண்டு ஆறு மணி நேரம் பஸ்ஸில் வரமாட்டாள். இது உங்களுக்குத் தெரிகிறது, எனக்குத் தெரிகிறது. தாமோதரனுக்குத் தெரியவில்லை. பையை மொபெட்டின் கால் வைக்கிற இடத்தில் வைத்து, பெண்டாட்டியைப் பின்னால் உட்காரவைத்து, கூட்டத்தில் ஹாரன் அடித்துக்கொண்டே வீட்டுக்கு ஓட்டினார். இத்தனைக்கும் மனுஷன் நாலு வருஷமாகத் துப்பறியும் படங்களாகப் பார்த்துத் தள்ளியவர்.

அந்தக் கதையைச் சொல்லிவிட வேண்டும்.

தாமோதரனுக்கு ஐம்பத்தேழு வயது. பேரூராட்சியில் டேங்க் ஆபரேட்டர். காலை ஐந்தரைக்கு மோட்டாரைப் போட்டு, ஆறு மணிக்கு வால்வைத் திறந்தால்தான் பஜார் தெருவிலிருந்து மேட்டுத் தெரு வரைக்கும் குழாயில் தண்ணீர் வரும். சாயங்காலம் நாலரைக்கு மறுபடி ஒரு தடவை. இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புச் சாவி வைத்திருப்பார், வால்வைத் திருப்ப. பதினோரு வருஷத்தில் ஒரு நாள் லீவு போட்டது கிடையாது. கல்யாணம், சாவு, எதற்குக் கூப்பிட்டாலும் ஒரே பதில்தான்: "ஊருக்குத் தண்ணி யாரு வுடறது?"

ஒரே மகள் ஜெயப்பிரியா ஓசூரில் இருக்கிறாள். அவளுக்குக் குழந்தை பிறந்து, வேலைக்குத் திரும்ப வேண்டிய நேரத்தில், "மூணு மாசம் இருந்துட்டு வந்துடறேன்" என்று சசிரேகா கிளம்பினாள். மூணு மாசம் ஆறு மாசம் ஆனது. ஆறு மாசம் நாலு வருஷம் ஆனது. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. புருஷன் பெண்டாட்டி பிரிந்தார்கள் என்றால் ஊர் நாலு வார்த்தை பேசும். பேத்தியைப் பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாள் என்றால் ஊர் மெச்சும். அதனால் தாமோதரன் தனியாகத்தான் இருக்கிறார் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

முதல் ஆறு மாதம் வீட்டில் ஃபேன் சத்தம்தான் பேச்சுத்துணை. அப்போதுதான் பஜார் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஆல்வின், பரணைச் சுத்தம் பண்ணும்போது கிடைத்த ஒரு மூட்டை பழைய சிடிகளை அவர் தலையில் கட்டினான். ஒரு காலத்தில் அது சிடிக் கடை. மூட்டையில் பாதி பக்திப்பாட்டு. மீதியில் மூன்று இங்கிலீஷ் படம், கறுப்பு வெள்ளை. மூன்றிலும் ஒரே ஆள்: வால்ட் கேரிகன். ஒன்றில் பட்டாளத்துக்காரன், ரெண்டில் துப்பறிகிறவன். நீள மூக்கு, சரிந்த தொப்பி, சிரிக்கத் தெரியாத வாய்.

அந்த முதல் படத்தில் கேரிகன் வேலை முடிந்து தன் அறைக்கு வருகிறான். தொப்பியை ஆணியில் மாட்டுகிறான். ஒரே ஒரு முட்டையை உடைத்துச் சட்டியில் ஊற்றி, சட்டியோடு கையில் பிடித்துக்கொண்டு, நின்றபடியே தின்கிறான். தாமோதரன் அன்றைக்குக் காலையில் அதையேதான் செய்திருந்தார். தொப்பி ஒன்றுதான் குறை. நமக்கு மட்டும் இல்லை, எங்கேயோ ஒரு வெள்ளைக்காரனுக்கும் இதே பிழைப்புதான் என்று அவருக்குத் தோன்றியது. படத்தை நிறுத்திவிட்டு, எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி போட்டார்.

அதிலிருந்து பிடித்தது பைத்தியம். கேரிகன் நடித்த யுத்தப் படங்களும் துப்பறியும் படங்களும் சிடியாக வந்தவை மொத்தம் பத்தொன்பது என்று ஆல்வின் போனில் தேடிச் சொன்னான். "எல்லாம் போன்லயே கெடைக்கும்ணா, இன்னாத்துக்கு இந்தப் பேஜார்?" என்றும் சொன்னான். தாமோதரன் கேட்கவில்லை. "போன்ல வர்றது வந்துட்டுப் பூடும். இது வூட்லயே இருக்கும்" என்றார். ஆல்வின் அதற்கப்புறம் வாயைத் திறக்காமல் தேடிக் கொடுத்தான். ஒன்று சென்னையில் பழைய சாமான் கடையிலிருந்து வந்தது. ஒன்று கோயம்புத்தூரில் முகம் தெரியாத ஒரு ரிட்டையர்டு வாத்தியாரிடமிருந்து. ரெண்டு வருஷம் தேடி ஒன்று. இங்கிலீஷ் பேர்கள் வாயில் நுழையாது என்பதால் ஒவ்வொரு டப்பா மேலும் ஸ்கெட்ச் பேனாவில் தன் இஷ்டத்துக்கு ஒரு பேர் எழுதி வைத்தார்: பாலம். ரெண்டு சாவி. கண்ணாடிக்காரி. பனியில் நாய்.

படித்தது பத்தாவது. கீழே ஓடுகிற இங்கிலீஷ் எழுத்தை நிறுத்தி நிறுத்திப் படிப்பார். ஒன்றரை மணி நேரப் படம் அவருக்கு அஞ்சு மணி நேரம் ஓடும். காலைத் தண்ணீருக்கும் சாயங்காலத் தண்ணீருக்கும் நடுவில் இருக்கிற பொழுதுக்கு அது கச்சிதமாக இருந்தது. ஆரம்பத்தில் ஞாயிற்றுக்கிழமை போனில் சசிரேகாவுக்கு ஒவ்வொரு படமாகக் கதை சொல்வார். "அப்பால அந்தக் கண்ணாடிக்காரி இன்னா ஆனா?" என்று அவளும் கேட்பாள். பிறகு குழந்தை அழும், குக்கர் கத்தும். போகப் போக, "சாப்ட்டீங்களா", "ஆச்சி", "வெச்சிடட்டா", "சரி" என்று அந்தப் பேச்சு சுருங்கிப் போயிற்று.

பத்தொன்பதாவது படம் ஆயுத பூஜைக்கு நாலு நாள் முன்னால் வந்து சேர்ந்தது. கேரிகன் யுத்தத்திலிருந்து திரும்பி வந்து துப்பறிகிற படம், பட்டாளமும் துப்பும் ஒன்றாக வருவது இந்த ஒன்றில்தான். தாமோதரன் அதற்குப் பேர் எழுதவில்லை, பார்க்கவும் இல்லை. சாமி மாடத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். சசிரேகா வருகிறாளே, அவளோடு உட்கார்ந்து பார்க்கலாம் என்று ஒரு ஆசை. அதை அவளிடம் சொன்னாரா? அதுதான் இல்லை.

வந்த அன்றைக்குச் சாயங்காலம் சசிரேகா குளியலறைக்கு வெளியே, சாக்கடை ஓரமாக, மண்ணைக் கிளறி ஒரு கறிவேப்பிலைக் கன்றை நட்டாள். ஓசூரிலிருந்து பால் கவரில் வைத்துக் கொண்டுவந்தது. பிறகு பிரிட்ஜ் மேலிருந்த பிஸ்கட் டப்பாவைக் கழுவித் துடைத்து, தன் பிரஷர் மாத்திரை அட்டைகளை அதில் அடுக்கினாள்.

"மருந்துக்கடையே வெச்சிக்கினு கீறியே" என்றார் தாமோதரன்.

சசிரேகா டப்பாவை மூடிவிட்டு, "கொழந்த இஸ்கூல்ல சேந்துட்டா. சாயங்காலம் அவ அம்மாவே இட்டாந்துடறா. இனிமே அங்க எனக்கு வேல ஒண்ணும் இல்ல" என்றாள்.

"நல்லதா போச்சி. உனக்கும் ரெஸ்டு."

அவள் அவரையே பார்த்தாள். எத்தனை நாள் இருப்பே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். என் வீட்டில் நான் இருக்க வந்திருக்கிறேன் என்று அவளாகச் சொல்ல அவளுக்கு ரோஷம். நாலு வருஷம் ஒருத்தர்கூட "வந்துடு" என்று கூப்பிடாத வீட்டுக்கு, தோசைக்கல்லைத் தூக்கிக்கொண்டு தானாகவே வந்தவளுக்கு அந்த அளவு ரோஷம்கூட இருக்கக் கூடாதா?

மறுநாள் ஆயுத பூஜை. காலைத் தண்ணீரை விட்ட கையோடு தாமோதரன் மோட்டார் ரூமிலேயே இருந்துவிட்டார். பக்கத்து டேங்க் ஆபரேட்டர் மோகனும் வந்தான். மோட்டாரைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். பேனல் பாக்ஸுக்குப் பொட்டு, வால்வு சாவிக்குப் பொட்டு. மோகன் பூசணிக்காய் சுற்றி ரோட்டில் உடைத்தான். பொரிப் பொட்டலத்தோடு தாமோதரன் வீட்டுக்கு வரும்போது மணி பதினொன்று இருக்கும்.

வீடு பளிச்சென்று இருந்தது. வாசலில் வாழைக்கன்று. மிக்ஸிக்குப் பொட்டு, கிரைண்டருக்குப் பொட்டு, அரிவாள்மணைக்கு, தையல் மெஷினுக்கு, மொபெட்டுக்கு எல்லாம் பொட்டு. சாமி மாடத்துக்கு எதிரில் தலைவாழை இலைகளை வரிசையாகப் போட்டு, அதன் மேல் பத்தொன்பது சிடியும் டப்பாவிலிருந்து வெளியே எடுத்து அடுக்கி வைத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் கெட்டியாகக் குழைத்த சந்தனம், அதன் நடுவில் குங்குமம். மூணு மூணு இடத்தில். புதுசாக வந்த பத்தொன்பதாவதுக்கு மட்டும் அஞ்சு இடத்தில். எல்லாம் மினுங்குகிற பக்கத்தில்.

தாமோதரன் பொரிப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு சிடியைக் கையில் எடுத்தார்.

"இன்னாமே பண்ணி வெச்சிக்கீறே? இந்தப் பக்கந்தான் ஓடற பக்கம்!"

"ஐயய்யோ, இதுவா? பளபளன்னு கீதே, இதான் மூஞ்சின்னு நெனச்சேன்" என்றாள் சசிரேகா. "அந்தப் பக்கம் அந்த ஆளு படம் போட்டுக்கீது. அந்நிய ஆம்பள நெத்தில நான் எப்பிடிங்க பொட்டு வெக்கறது?"

வேறு யாராவது சொல்லியிருந்தால் தாமோதரன் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். சிரிப்பு வரவில்லை. சசிரேகா இன்னும் ஒன்று சொன்னாள். குரலைத் தாழ்த்தி, சந்தனக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நாலு வருசமா ஒண்டியா கெடந்த மனுசனுக்குத் தொணையா இருந்துதுங்களே. மோட்டாருக்குப் பொட்டு வெக்கறோம், இதுங்களுக்கு வெக்கக் கூடாதான்னு வெச்சேன்."

அது அவர் காதில் விழுந்தது. உள்ளே இறங்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தார். வடை, பாயசம் எதையும் நிமிர்ந்து பார்க்காமல் சாப்பிட்டு எழுந்தார். கடைக்குப் போய் ஆல்வினிடம் கேட்டு, மெத்தென்ற துணியால் பக்குவமாகத் துடைத்துக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு சாயங்காலத் தண்ணீர் விடக் கிளம்பினார். அதோடு முடிந்திருக்கும்.

முடியவில்லை. அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல், அவர் வருவதற்குள் சரிபண்ணிவிடலாம் என்று சசிரேகா பத்தொன்பதையும் தொட்டியடிக்கு எடுத்துக்கொண்டு போனாள். சந்தனம் காய்ந்து பிடித்திருந்தது. பாத்திரம் தேய்க்கிற பவுடரைப் போட்டு, கம்பி நார் வைத்து, குத்துவிளக்கைத் தேய்க்கிற மாதிரி தேய்த்து, நல்ல தண்ணீரில் ரெண்டு தடவை அலசினாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிவது என்பார்களே, அது இதுதான். ஆறு மணிக்குத் தாமோதரன் உள்ளே வந்தபோது, தட்டு வைக்கிற ஸ்டாண்டில் பத்தொன்பது சிடியும் தண்ணீர் சொட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். சுற்றிச் சுற்றிக் கோடு. அடுத்ததிலும் அதேதான்.

"கறை பூட்ச்சி பாருங்க" என்றாள் சசிரேகா, ஈரக் கையோடு, கொஞ்சம் சந்தோஷமாக.

தாமோதரன் வாயிலிருந்து வந்த வார்த்தை இது: "உன்னை யாரு வரச் சொன்னது? நாலு வருசம் நிம்மதியா இருந்தேன். வந்த, கெடுத்துட்ட."

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. சசிரேகா அழவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், மாவைக் கரைத்து, அந்தக் கல்லில் அவருக்கு மூணு தோசை சுட்டுத் தட்டில் வைத்தாள். அவர் வீம்புக்குச் சாப்பிடவில்லை.

காலையில் தண்ணீர் விட்டுவிட்டு ஏழரைக்குத் திரும்பியபோது கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக் கனகா சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அக்கா ஆறு மணி பஸ்ஸுக்கே கெளம்பிட்டாங்களே. உங்க கிட்ட சொல்லலையாண்ணா?"

"சொல்லிட்டுத்தான் போனா" என்றார் தாமோதரன்.

அன்றைக்கு நாலு தடவை போன் போட்டார். அவள் எடுக்கவில்லை. கோபம் இருக்கத்தான் செய்யும், ரெண்டு நாளில் சரியாகும் என்று நினைத்துக்கொண்டார். உண்மையைச் சொன்னால் அவருக்கும் கோபம் முழுசாக ஆறவில்லை. சிடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். பாலம் ஓடவில்லை. கண்ணாடிக்காரி ஓடவில்லை. பனியில் நாய் பேர் போடுகிற வரைக்கும் வந்து நின்றது. பன்னிரண்டு சிடியைப் பிளேயர் வாங்கிக்கொள்ளவே இல்லை, உள்ளே இழுத்து, கரகரவென்று சுற்றி, வெளியே துப்பியது. பண்டிகைக்குச் செய்ததில் மிச்சமிருந்ததைத் தின்று, அன்றைய பொழுதையும் மறுநாள் பொழுதையும் அதிலேயே ஓட்டினார். வீட்டில் மறுபடியும் ஃபேன் சத்தம் மட்டும். ரெண்டே நாள் இன்னொரு ஆள் நடமாடிவிட்டுப் போன வீட்டில் அந்தச் சத்தம் முன்னைவிடப் பெரிசாகக் கேட்டது.

மூன்றாம் நாள் மத்தியானம் பத்தொன்பதாவதைப் போட்டார். அஞ்சு பொட்டு வாங்கியது, அதிகமாகத் தேய்ப்பு வாங்கியதும் அதுதான். எப்படியோ ஓடிற்று. நடுவில் கட்டம் கட்டமாக உடைந்தது, தாண்டிக் குதித்தது, ஆனாலும் ஓடிற்று. தாமோதரன் மூச்சு விடாமல் பார்த்தார். கடைசிக் கட்டம். கேரிகன் எல்லாரையும் ஒரு கூடத்துக்கு வரச்சொல்லி உட்காரவைக்கிறான். மேஜை மேல் ஒரு கையுறை, ஒரு ரயில் டிக்கெட், ஒரு ஈரக் குடை. விரலை உயர்த்துகிறான். கீழே எழுத்து ஓடுகிறது: நீங்கள் எல்லாரும் இவற்றைப் பார்த்தீர்கள், ஆனால்...

அங்கே நின்றுவிட்டது.

எடுத்து ஊதிப் போட்டார். பனியனில் துடைத்துப் போட்டார். மூன்று தடவை போட்டும் அதே இடம். கேரிகன் விரலை உயர்த்தியபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பசி எடுத்தது. ஒரு முட்டை பொரிக்கலாம் என்று எழுந்து அடுப்படிக்குப் போனார்.

அடுப்பு மேல் தோசைக்கல் இருந்தது.

அதை நகர்த்தக் கை வைத்தவர் அப்படியே நின்றார். பஸ் ஸ்டாண்டில் கனத்தது இதுதானே? கல்லுதான் என்று சொன்னாளே. எதற்கு ஒருத்தி ஓசூரிலிருந்து கல்லைச் சுமந்துகொண்டு வருவாள்? கொண்டுவந்தவள் ஏன் விட்டுவிட்டுப் போனாள்? திரும்பினார். பிரிட்ஜ் மேல் பிஸ்கட் டப்பா. திறந்து எண்ணினார். ஒன்பது அட்டை, அட்டைக்குப் பத்து. ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை. தொண்ணூறு நாள். பின்கதவைத் திறந்துகொண்டு குளியலறைப் பக்கம் போனார். கறிவேப்பிலைக் கன்று தலை தொங்கிக் கிடந்தது. மூணு நாளாக அதற்கு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. ஊருக்கெல்லாம் தண்ணீர் விடுகிறவர் வீட்டில், ஒரு கன்றுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கிடையாது.

தாமோதரன் கன்றுக்குப் பக்கத்திலேயே குந்திவிட்டார். இனிமே அங்க எனக்கு வேல ஒண்ணும் இல்ல. அவள் சொன்னாள். ரிட்டன் டிக்கெட்டு போட்டாச்சா. இவர் கேட்டார். ஒண்டியா கெடந்த மனுசனுக்குத் தொணையா இருந்துதுங்களே. அவள் சொன்னாள். நிம்மதியா இருந்தேன். இவர் சொன்னார். ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. நாலு வருஷம் எவன் கொலைகாரன் என்று கேரிகனுக்கு முன்னாலேயே கண்டுபிடித்தவர், சொந்தப் பெண்டாட்டி வீடு திரும்பியதைக் கண்டுபிடிக்கவில்லை. ஐம்பத்தேழு வயசில், பட்டப்பகலில், சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்து தாமோதரன் அழுதார்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு மகளுக்குப் போன் போட்டார்.

"அம்மா இங்கயே இருந்துடறேன்னு சொல்லிட்டுத்தான கெளம்புச்சி?" என்று கேட்டார்.

"ஆமா. சொல்லலையா உங்க கிட்ட?" என்றாள் ஜெயப்பிரியா. "இங்க வந்து ஒரு வார்த்த பேசல. இன்னாதான் ஆச்சி நைனா?"

"நான் வரேன்" என்றார் தாமோதரன்.

மோகனிடம் சாவியைக் கொடுத்தபோது அவன் நம்பவில்லை. "யாரு பூட்டாங்கண்ணா?" என்றுதான் கேட்டான். தாமோதரன் லீவு போடுகிறார் என்றால் சாவாகத்தான் இருக்க வேண்டும். எந்த வால்வு இறுக்கம், எதை ஒன்றரைச் சுற்றோடு நிறுத்த வேண்டும் என்று ரெண்டு தடவை சொல்லிவிட்டு, கனகாவிடம் கன்றை ஒப்படைத்துவிட்டு, விடிந்ததும் முதல் பஸ் ஏறினார்.

கிளம்புமுன் அடுப்படியில் கொஞ்ச நேரம் நின்றிருந்தார். கல்லை எடுத்துக்கொண்டு போனால் நீ அங்கேயே இரு என்று அர்த்தமாகிவிடும். அது அடுப்பு மேலேயே இருந்தது. டப்பாவிலிருந்து ஒரே ஒரு அட்டையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஓசூரில் மகள் வீடு மூணாவது மாடி. மணி அடித்ததும் சசிரேகாதான் கதவைத் திறந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. மகள் வேலைக்கு, மருமகன் வேலைக்கு, குழந்தை பள்ளிக்கு. பகல் முழுக்க இந்த வீட்டில் இவளும் தனியாகத்தான் இருந்திருக்கிறாள் என்பது தாமோதரனுக்கு அப்போதுதான் தெரிந்தது. வாங்க என்று அவள் சொல்லவில்லை. கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"ஊருக்குத் தண்ணி யாரு வுடறது?"

"மோகன் வுடறான்."

"வுடுவானா ஒயிங்கா?"

"வுட்டுக்கினுதான் கீறான். பஸ்லருந்து போன் பண்ணிக் கேட்டேன். ஒருத்தர்கூட என்னைத் தேடலியாம்."

சசிரேகா நகர்ந்து வழி விட்டாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தாமோதரன் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார்.

"மாத்திரைய உட்டுட்டு வந்துட்டியே. வாங்கிப் போட்டியா?"

"போடல."

"மூணு நாளாவா?"

அவள் கையை நீட்டினாள். அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "ஒண்ணுதான் கீது. மீதி?"

"வூட்ல கீது."

"கல்லு?"

"அடுப்பு மேல கீது. எடுத்தாறல."

சசிரேகா அட்டையைப் பார்த்தபடியே இருந்தாள்.  தாமோதரனுக்கு, பஸ்ஸில் ஆறு மணி நேரம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்ததில் பாதி மறந்துபோயிற்று.

"நிம்மதியா இருந்தேன்னு சொன்னது பொய்யிமே. ஒரு நாளும் இல்ல. பேச ஆளில்லாமதான் அந்த வெள்ளைக்காரன் மூஞ்சியப் பாத்துக்கினு கெடந்தேன்."

"அந்தப் புதுப் படம் ஓடுச்சா?"

"ஓடுச்சி. யாரு செஞ்சதுன்னு சொல்ற நேரத்துல நின்னுட்டுது."

"என்னாலதான்."

"என்னாலதான்" என்றார் தாமோதரன்.

கீழே தெருவில் காய்கறி வண்டிக்காரன் மைக்கில் கத்திக்கொண்டு போனான். அந்தச் சத்தம் தேய்ந்தது. பிறகு சசிரேகா தலையை நிமிர்த்தாமலேயே கேட்டாள். அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

"எத்தினி நாளு இருப்பீங்க?"

"நீ கெளம்பற வரைக்கும்."

சசிரேகா அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டு, அவர் மீதி வைத்திருந்த தண்ணீரைக் குடித்தாள். அட்டையில் இன்னும் ஒன்பது இருந்தது, மீதி எல்லாம் உத்திரமேரூரில்.